ஷின்கான்சென்னிலிருந்து இறங்கிய பிறகு: ஜப்பானின் தொக்யூ வண்டிகளும் சிற்றூர் நிலையங்களும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஜப்பான் போகிறேன் என்று சொல்கிறவர்கள் முதலில் விசாரிப்பது ஷின்கான்சென் என்கிற புல்லட் ரயிலைப் பற்றித்தான். அதைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. சீட்டு வாங்கி ஏறினால் சொன்ன நேரத்துக்கு இறக்கிவிடும். குழப்பமெல்லாம் அதற்கப்புறம்தான் ஆரம்பிக்கிறது. நகோயாவிலோ ஒகாயாமாவிலோ இறங்கி, வேறொரு நடைமேடையில் நிற்கிற நாலைந்து பெட்டி வண்டியைத் தேடிப் பிடித்து மலைக்குள் போக வேண்டும். எதற்கு இரண்டு சீட்டு, நாற்காலி ஏன் பின்பக்கம் பார்த்து நிற்கிறது, கதவு ஏன் திறக்கவில்லை என்று கேள்விகள் வரிசை கட்டும். என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்டவற்றையும், நானே தடுமாறித் தெரிந்துகொண்டவற்றையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

லிமிடெட் எக்ஸ்பிரஸ் என்கிறார்களே, அதில் எதற்கு 'லிமிடெட்'?

நிற்கும் ஊர்கள் குறைவு, அவ்வளவுதான். 'லிமிடெட்' என்பது அமெரிக்க ரயில்களின் பழைய வழக்கு. ஜப்பானியர்கள் சொல்வது 'தொக்யூ'. 'தொகுபெத்சு க்யூகோ' என்பதன் சுருக்கம் அது. சிறப்பு விரைவு வண்டி என்று பொருள். முதல் தொக்யூ 1912 ஜூனில் தோக்யோவின் ஷிம்பாஷியிலிருந்து பிரதான தீவின் மேற்குக் கோடியில் உள்ள ஷிமோனோசெகிக்கு ஓடியது. முதல், இரண்டாம் வகுப்பு மட்டும்தான்; மூன்றாம் வகுப்புப் பயணி அதில் கால் வைக்க முடியாது. இன்றைய தொக்யூவில் பள்ளிச் சீருடையோடு பிள்ளைகள் தூங்கி வழிவதைப் பார்க்கும்போது இது ஞாபகத்துக்கு வரும்.

தொக்யூ நாடெங்கும் பரவியது 1961 அக்டோபரில் வந்த பெரிய கால அட்டவணை மாற்றத்தில். மின்பாதை இல்லாத ஊர்களுக்கும் டீசல் தொக்யூ பரவலாகப் போக ஆரம்பித்தது அப்போதுதான்.

அப்படியானால் வெறும் 'எக்ஸ்பிரஸ்' எங்கே போயிற்று?

ஜே.ஆர். (பழைய அரசு ரயில்வேயைப் பிரித்து உண்டான கம்பெனிகள்) பாதைகளில் அது முடிந்துவிட்டது. அஓமொரியிலிருந்து சப்போரோவுக்கு இரவில் ஓடிய 'ஹமானசு'தான் கடைசியாக அன்றாடம் ஓடிய எக்ஸ்பிரஸ். 2016 மார்ச்சில் நின்றது. இப்போது உள்ளவை மூன்று வகை: எல்லா ஊரிலும் நிற்கிற சாதாரண வண்டி (ஃபுத்சூ), சில ஊர்களை விட்டுவிட்டுப் போகும், கூடுதல் கட்டணம் இல்லாத 'கைசோகு', கூடுதல் கட்டணம் கட்ட வேண்டிய தொக்யூ. சில தனியார் ரயில்களில் மட்டும் 'எக்ஸ்பிரஸ்' என்ற பெயர் வேறு வேறு அர்த்தத்தில் இன்னும் புழங்குகிறது.

ஒரே பயணத்துக்கு ஏன் இரண்டு சீட்டு?

ஒன்று இந்த ஊரிலிருந்து அந்த ஊருக்குப் போகும் உரிமைக்கு. அது ஜோஷாகென். இன்னொன்று வேகமான வண்டியில் ஏறும் உரிமைக்கு. அது தொக்யூகென். இரண்டையும் ஒரே சீட்டில் அச்சடித்துத் தருவதும் உண்டு. இந்தப் பிரிவினை புரிந்துவிட்டால் பாதிக் குழப்பம் தீரும்.

இதில் ஒரு லாபமும் இருக்கிறது. 100 கிலோமீட்டருக்கு மேற்பட்ட ஜோஷாகென்னில், பெருநகர எல்லைக்குள் மட்டுமே போகிற சீட்டு போன்ற சில விலக்குகள் தவிர, வழியில் இறங்கி ஊர் பார்த்துவிட்டு அதே சீட்டில் மேலே போகலாம். 200 கிலோமீட்டர் வரை 2 நாள் செல்லும். அதற்கு மேல் ஒவ்வொரு 200 கிலோமீட்டருக்கும் ஒரு நாள் கூடும். தொக்யூகென் அப்படியில்லை. நடுவில் இறங்கி வெளியே வந்தால் அதோடு சரி, அடுத்த வண்டிக்குப் புதிதாக வாங்க வேண்டும். ஆகவே வழியில் இறங்கும் எண்ணம் இருந்தால் ஜோஷாகென்னை நீளமாக ஒன்றும், தொக்யூகென்னைத் துண்டு துண்டாகவும் கேளுங்கள். கவுன்டரில் இருப்பவருக்கு இது பழகின வேலை. ஒரு தாளில் ஊர்ப்பெயர்களை எழுதி நீட்டினால் போதும்.

முன்பதிவு செய்யாமல் ஏறலாமா?

முன்பெல்லாம் தாராளமாக ஏறலாம். ஒவ்வொரு தொக்யூவிலும் 'ஜியூசெகி' என்ற முன்பதிவில்லாப் பெட்டிகள் இருக்கும். நடைமேடையில் வரைந்திருக்கும் கோட்டில் வரிசையில் நின்றால் போதும். அந்தக் காலம் வேகமாக மறைந்துகொண்டிருக்கிறது. 2024 மார்ச்சில் மட்டும் யாகுமோ, தண்டர்பேர்டு, ஷிராசாகி, ஹொக்கைடோவின் ஹொகுதோ, ஓசோரா என்று ஒரு பட்டியலே முழு முன்பதிவு வண்டிகளாக மாறிவிட்டது. எனக்கு இதில் வருத்தம்தான். சிற்றூர் நிலையத்துக்கு வந்து, நினைத்த வண்டியில் ஏறிப் போகிற சுகம் போய்விட்டது.

தோக்யோ பக்கத்து ஹிதாச்சி, அசுசா போன்ற வண்டிகளில் இதற்கு ஒரு மாற்று வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு இருக்கைக்கு மேலும் சின்ன விளக்கு இருக்கும். சிவப்பு என்றால் காலி, பச்சை என்றால் விற்றாயிற்று, மஞ்சள் என்றால் சீக்கிரம் ஆள் வரப்போகிறார். இருக்கை எண் இல்லாத சீட்டை அதே விலைக்கு வாங்கி, சிவப்பு விளக்குக்குக் கீழே உட்கார்ந்துகொள்ளலாம். சிவப்பைக் கண்டால் ஒதுங்குவது நம் பழக்கம் என்பதால் முதல் முறை பச்சையில் போய் உட்காராத ஆள் இருக்க மாட்டார். வண்டிக்குள் வைத்துச் சீட்டு வாங்கினால் விலை கூடும். ஏறுவதற்கு முன்பே வாங்கிவிடுங்கள்.

ஜே.ஆர். பாஸ் இருந்தால் எல்லாத் தொக்யூவிலும் ஏறலாமா?

பாஸ் என்பது குறிப்பிட்ட நாட்களுக்கு ஜே.ஆர். வண்டிகளில் விருப்பம்போல் ஏறி இறங்க வெளிநாட்டுப் பயணிகள் வாங்குவது. ஜே.ஆர். தண்டவாளத்தில் ஓடுகிற வரைக்கும் ஏறலாம். சிக்கல் எங்கே என்றால், ஜே.ஆர். பெயர் போட்ட வண்டியே நடுவில் கொஞ்ச தூரம் வேறு கம்பெனியின் பாதையில் ஓடும். க்யோதோவிலிருந்து தொத்தோரிக்குப் போகும் சூப்பர் ஹகுதோ, காமிகோரிக்கும் சிசுவுக்கும் இடையே சிசு எக்ஸ்பிரஸ் என்கிற தனிக் கம்பெனியின் பாதையில் போகிறது. நகோயாவிலிருந்து கீ தீபகற்பத்துக்குப் போகும் நன்கி, இசே ரயில்வே வழியாகப் போகிறது. க்யோதோவிலிருந்து அமானோஹாஷிதாதே கடற்கரைக்குப் போகிறவர்கள் ஃபுகுசியாமாவுக்கு அப்பால் தனியாகக் கட்ட வேண்டும். நடுவழியில் கண்டக்டர் வந்து பணம் கேட்டால் பதறாதீர்கள், அது நியாயமான பணம்தான்.

பாஸ் வாங்குவதற்கு முன்பு கணக்குப் போட்டுப் பாருங்கள். 2023 அக்டோபரில் 7 நாள் பாஸ் 29,650 யென்னிலிருந்து ஒரே தாவலில் 50,000 யென்னுக்கு ஏறியது. ஒரே வட்டாரத்தில் சுற்றுவதாக இருந்தால் க்யூஷு, ஷிகோகு, ஹொக்கைடோ என்று தனித்தனியாக விற்கும் வட்டாரப் பாஸ்கள்தான் கட்டுப்படியாகும்.

இன்னொரு பொறி: ஒசாகா பக்கத்து ஹன்க்யூ, கெய்ஹான் தனியார் ரயில்களிலும் 'தொக்யூ' என்று எழுதியிருக்கும். அவற்றின் சாதாரணப் பெட்டிகளில் சாதாரணக் கட்டணமே போதும், கூடுதலாக எதுவும் இல்லை. அதே ஊரில் கின்தெத்சு கம்பெனியின் தொக்யூவுக்குக் கூடுதல் கட்டணம் உண்டு. எழுத்து ஒன்று, சட்டம் வேறு. ஜே.ஆர். பாஸ் இந்த மூன்றிலும் செல்லாது.

வண்டியில் ஏறினால் எல்லா நாற்காலியும் பின்பக்கம் பார்த்து இருக்கிறதே, தவறான வண்டியா?

நகோயாவிலிருந்து தகயாமா போகும் 'ஹிதா' வண்டியா? அப்படியானால் சரியான வண்டிதான். ஹிதா முதலில் கிஃபு வரை இருபது நிமிடம் ஒரு திசையில் போய், அங்கே தலை மாறி மலைப்பக்கம் திரும்பும். மீதி இரண்டு மணி நேரம் முகம் முன்னால் பார்க்க வேண்டும் என்பதால் நகோயாவில் நாற்காலிகளைப் பின்பக்கம் திருப்பியே வைத்திருப்பார்கள். ஊர்க்காரர்கள் அந்த இருபது நிமிடமும் முதுகுப்பக்கமாகவே, ஒன்றுமே நடக்காதது போல் போவார்கள்.

இதைவிட எனக்குப் பிடித்தது ஹொக்கைடோவின் எங்கரு. சப்போரோவிலிருந்து அபாஷிரிக்கு ஐந்தரை மணி நேரம் போல ஓடும் 'ஒகோத்ஸ்க்' என்ற டீசல் தொக்யூ எங்கருவுக்குள் நுழைந்து நின்றுவிடும். தண்டவாளம் அதற்கு மேல் இல்லை. ஓட்டுநர் பையை எடுத்துக்கொண்டு மறுமுனைக்கு நடப்பார். இங்கிருந்து வண்டி எதிர்த்திசையில் போகும் என்று அறிவிப்பு வரும். உடனே பெட்டியே எழுந்து நிற்கும். நாற்காலியின் அடியில் நடைபாதைப் பக்கம் ஒரு மிதி இருக்கிறது. அதைக் காலால் அழுத்தி, இரட்டை நாற்காலியை அப்படியே அரைவட்டம் சுற்றிவிடலாம். மேசையை மடக்கவில்லை என்றால் காபி கவிழும். பின்னால் உட்கார்ந்திருப்பவரின் முழங்காலில் இடிக்கும். ஆகவே ஒருவருக்கொருவர் தலையாட்டிவிட்டு, முன்வரிசை முடிந்ததும் பின்வரிசை என்று திருப்புவார்கள். ஒரு பாட்டி ஒற்றைக் காலால் மிதித்து ஒரே தள்ளில் திருப்பிவிட்டு, நான் மிதியைத் தேடிக் குனிந்து கிடப்பதைப் பார்த்து என் நாற்காலியையும் திருப்பிக் கொடுத்தார்.

எதற்கு இப்படி ஒரு நிலையம்? கட்டியவர்கள் கிறுக்கர்கள் அல்ல. எங்கருவுக்கு முதலில் தண்டவாளம் வந்தது தெற்கே, அபாஷிரி பக்கமிருந்து. பிறகு அது வடக்கே, நயோரோ பக்கம் நீண்டது. அசாஹிகாவாவிலிருந்து மலையைக் குடைந்து வரும் இன்றைய பாதை 1932இல்தான் முழுமையடைந்து, தெற்குப் பக்கமாக வந்து சேர்ந்தது. ஆக அபாஷிரி பக்கத்துப் பாதையும் தெற்கில்தான் பிரிகிறது. 1989 மே மாதம் நயோரோ பாதையை மூடிவிட்டார்கள். வடக்கு வாசல் அடைபட்டது; உள்ளே வருகிற வழியும் வெளியே போகிற வழியும் ஒரே பக்கம் என்றாகிவிட்டது. மூடிப்போன ஒரு ரயில் பாதைக்காக இன்றைக்கும் ஒவ்வொரு பயணியும் நாற்காலியைத் திருப்பிக்கொண்டிருக்கிறார்.

ஒரே ஒரு மாணவிக்காக ஓடிய ரயில் என்று வாட்ஸ்அப்பில் வந்ததே, அது உண்மையா?

அந்த நிலையமும் இதே பாதையில்தான், எங்கருவுக்குக் கொஞ்சம் முன்னால் இருந்தது. கதை 2016 ஜனவரியில் உலகம் முழுக்கச் சுற்றியது: ஒரு பெண்ணின் படிப்பு முடியும்வரை நிலையத்தை மூடாமல் வைத்திருந்தார்கள் என்று.

பாதி உண்மை. முதலில் பெயரே தப்பு. படத்தோடு சுற்றியது காமி-ஷிராதாகி. மாணவி ஏறியது கியூ-ஷிராதாகி. மூட முடிவெடுத்ததற்குக் காரணம் பயணிகள் இல்லாதது. ஜப்பானில் ரயில் அட்டவணை பெரிதாக மாறுவது மார்ச்சில், பள்ளி ஆண்டு முடிவதும் மார்ச்சில். இரண்டும் ஒன்றாக வந்தது, கதை தானாகப் பிறந்தது. 2016 மார்ச் 26 அன்று கியூ, காமி, ஷிமோ என்று மூன்று ஷிராதாகி நிலையங்கள் ஒன்றாக மூடப்பட்டன.

மிஞ்சியது வெறும் 'ஷிராதாகி'. அதற்கும் முந்தைய நிலையமான காமிகாவாவுக்கும் இடையே இப்போது 37.3 கிலோமீட்டர். ஷின்கான்சென்னை விட்டுவிட்டுப் பார்த்தால் ஜே.ஆர். பாதைகளில் அடுத்தடுத்த இரண்டு நிலையங்களுக்கு நடுவே இதுதான் மிக அதிக தூரம். நிலையத்தில் ஊழியர் கிடையாது, ஆனால் தொக்யூ நிற்கிறது. சாதாரண வண்டிகள் மிக அரிதான அந்தப் பகுதியில் தொக்யூதான் ஊர் பஸ் மாதிரி. வேகமான வண்டி என்றால் பெரிய ஊர்களில் மட்டும் நிற்கும் என்ற நம் கணக்கு வட ஜப்பானில் செல்லாது.

ஊழியர் இல்லாத நிலையத்தில் எப்படி ஏறி இறங்குவது?

நாட்டின் ரயில் நிலையங்களில் ஏறக்குறைய பாதி இப்படித்தான். கவுன்டர் இருக்காது, தானியங்கிக் கதவு இருக்காது. ஒரு தகரக் கொட்டகை, ஒரு பெஞ்சு, ஒரு கால அட்டவணை, சில இடங்களில் யாரோ தைத்து வைத்த மெத்தை.

தொக்யூ நிற்கிற இடமாக இருந்தால் பெரும்பாலும் கண்டக்டர் பார்த்துக்கொள்வார். அங்கிருந்து ஒற்றைப் பெட்டிச் சாதாரண வண்டிக்கு மாறும்போதுதான் முறை தெரிந்திருக்க வேண்டும். ஓட்டுநர் ஒருவரே எல்லாமும். பொதுவாகப் பின்கதவில் ஏறி, வாசலில் உள்ள பெட்டியிலிருந்து 'செய்ரிகென்' என்ற எண் போட்ட சீட்டை இழுத்துக்கொள்ள வேண்டும். ஓட்டுநரின் தலைக்கு மேல் ஒரு பலகை. உங்கள் எண்ணுக்குக் கீழே இருக்கும் தொகை ஊருக்கு ஊர் ஏறிக்கொண்டே போகும். இறங்கும்போது முன்கதவுக்கு வந்து, சீட்டையும் சரியான சில்லறையையும் பெட்டியில் போட வேண்டும். பல பெட்டிகள் மீதி தராது. பக்கத்திலேயே இருக்கும் சில்லறை மாற்றும் துளையில் 1,000 யென் நோட்டை முன்கூட்டியே மாற்றி வைத்துக்கொள்ளுங்கள். 10,000 யென் நோட்டோடு போய் நின்றால் வண்டியே உங்களுக்காகக் காத்திருக்கும்.

முதல் முறை நான் இறங்க வேண்டிய ஊரில் பின்கதவுக்கு முன்னால் நின்று, திறக்கும் திறக்கும் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். திறக்கவில்லை. முன்கதவில் மட்டும்தான் இறங்க வேண்டும் என்று புரிந்து, பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். ஓட்டுநர் கண்ணாடியில் என்னைப் பார்த்தபடி பொறுமையாக இருந்தார்.

சுய்கா போன்ற ப்ரீபெய்டு கார்டைத் தட்டினால் போதாதா?

நகரத்தில் போதும். சிற்றூரில் கார்டை நம்பிப் போகாதீர்கள். நகரத்தில் தட்டி உள்ளே வந்து, கார்டு செல்லாத நிலையத்தில் இறங்கினால் பணமாகக் கட்டி, கார்டைச் சரிசெய்ய ஒரு காகிதம் வாங்கி வர வேண்டிவரும். தூரப் பயணத்துக்குக் காகிதச் சீட்டே மேல்.

மலைப்பாதைத் தொக்யூவில் தலை சுற்றும் என்கிறார்களே?

சுற்றும். ஆனால் எந்த வண்டி என்பதைப் பொறுத்தது.

ஜப்பானின் பழைய பாதைகள் குறுகலானவை. தண்டவாளங்களுக்கு இடையே 1,067 மில்லிமீட்டர்தான். ஆற்றை ஒட்டி வளைந்து வளைந்து போகும். வளைவில் வேகத்தைக் குறைக்காமல் போக, பெட்டியின் உடலையே உள்பக்கம் சாய்க்கிறார்கள். 1973இல் 'ஷினானோ' என்ற தொக்யூவில் வந்த 381 வகை வண்டி, உருளைகளின் மேல் ஊசல் மாதிரித் தானாகச் சாய்வது. சிக்கல் என்னவென்றால் அது வளைவுக்குள் நுழைந்து கொஞ்சம் தாமதித்துத்தான் சாயும், வெளியே வந்தும் கொஞ்சம் தாமதித்துத்தான் நிமிரும். வயிற்றுக்கு அந்தத் தாமதம் போதும். அதே வகை வண்டி ஒகாயாமாவிலிருந்து இசுமோவுக்கு 'யாகுமோ' என்ற பெயரில் நெடுங்காலம் ஓடியது. உள்ளே புதுப்பித்து 'யுத்தாரி யாகுமோ' (நிதானமான யாகுமோ) என்று பெயர் வைத்தார்கள். ஜனங்கள் அதை 'குத்தாரி ஹகுமோ' என்று மாற்றிவிட்டார்கள். குத்தாரி என்றால் துவண்டுபோவது. ஹகு என்றால் வாந்தி எடுப்பது.

2024 ஏப்ரலில் யாகுமோவுக்குப் புதிய 273 வகை வந்துவிட்டது. எங்கே எந்த வளைவு என்பது அதன் கணினிக்குத் தெரியும். வளைவு வருவதற்கு முன்பே மெதுவாகச் சாய ஆரம்பிக்கும். பழசில் பயந்தவர்கள் தைரியமாக ஏறலாம்.

ஷிகோகு தீவில் இதே விஷயம் ஒரு சின்ன நாடகமாக நடந்தது. 2017இல் அங்கே 2600 வகை டீசல் வண்டியைக் கொண்டுவந்தார்கள். ஊசல் இல்லை, ஒரு பக்கத்துக் காற்றுப்பையை ஊதிச் சாய்க்கும் எளிய முறை, பராமரிப்பும் சுலபம். கோச்சிக்குப் போகும் தொசான் பாதையில் ஓட்டிப் பார்த்தால், வளைவு முடியும் முன் அடுத்த வளைவு. ஊதி ஊதிக் காற்றே போதாமல் போய்விடும் என்று தெரிந்தது. அந்த வண்டிகளை வளைவு குறைந்த தொகுஷிமா பக்கம் அனுப்பிவிட்டு, 2019இல் பழையபடி ஊசல் முறைக்கே திரும்பி 2700 வகையைச் செய்தார்கள். ஒகாயாமா–கோச்சி 'நன்பூ'வில் இப்போது நீங்கள் உட்காரப்போவது அதில்தான். ஆவா-இகேதாவுக்கும் ஒபோகேவுக்கும் நடுவே ஆற்றுப் பள்ளத்தாக்கில் அது சாய்ந்து சாய்ந்து போகும்போது ஜன்னலை மட்டும் பாருங்கள், போனைப் பார்க்காதீர்கள்.

அதே பாதையில் காட்டுக்குள் ஒரு நிலையம் இருக்கிறதாமே?

த்சுபோஜிரி. கார் போகும் சாலை கிடையாது, ஒற்றையடிப் பாதைதான். ஏற்றத்தின் நடுவில் வண்டி நிற்க முடியாது என்பதால் நிலையத்தைப் பக்கவாட்டில் சமதளத்தில் வைத்திருக்கிறார்கள். சாதாரண வண்டி உள்ளே நுழைந்து, பின்னால் வந்து, மறுபடி முன்னால் போகும். தொக்யூ நேர்பாதையில் பறந்துவிடும். நன்பூவின் ஜன்னலிலிருந்து ஒரு மரக்கட்டடம் கண்சிமிட்டும் நேரம் தெரியும். இறங்கிப் பார்க்க ஆசைப்பட்டால், திரும்பிப் போகும் வண்டி எப்போது என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். அங்கே நிற்கும் வண்டிகளை விரல்விட்டு எண்ணலாம்.

ஷின்கான்சென் வந்தால் ஊருக்கு நல்லதுதானே?

ஊருக்கு ஊர் பதில் மாறும். தோக்யோவிலிருந்து நகானோ போகிற வழியில் யொகோகாவா என்று ஒரு சிறு நிலையம். அங்கிருந்து கருயிசாவாவுக்கு ஏறும் உசுய் கணவாயில், 1,000 மீட்டர் போவதற்குள் 66.7 மீட்டர் ஏற வேண்டும். தொக்யூ தன்னால் ஏற முடியாது. யொகோகாவாவில் நிறுத்தி, தள்ளிவிட எஞ்சின்களைப் பூட்டுவார்கள். அந்தச் சில நிமிடங்களில்தான் ஓகினோயா என்ற கடைக்காரர்கள் நடைமேடையில் சோறு விற்றார்கள். 1958இல் சின்ன மண்பானையில் சூடான சோறு, கோழி, காளான் வைத்து 'தோகே நோ காமாமேஷி' கொண்டுவந்தார்கள். வண்டி கிளம்பும்போது விற்பனையாளர்கள் வரிசையாக நின்று குனிந்து வணங்குவார்கள்.

1997 அக்டோபர் 1 அன்று நகானோ வரை ஷின்கான்சென் திறந்தது. முந்தின நாளோடு யொகோகாவா–கருயிசாவா தண்டவாளம் மூடப்பட்டது. யொகோகாவா இன்று ஒரு முட்டுச்சந்து நிலையம். பானைச் சோறு மட்டும் பிழைத்துக்கொண்டது. நெடுஞ்சாலை ஓய்விடங்களிலும் விற்கிறார்கள், நிலையத்திலும் கிடைக்கிறது.

புதிய உதாரணம் த்சுருகா. 2024 மார்ச் 15 வரை ஒசாகாவிலிருந்து ஏறினால் தண்டர்பேர்டு நேராகக் கனசாவாவில் இறக்கிவிடும். ஷின்கான்சென் த்சுருகா வரை நீண்டதால் இப்போது அங்கேயே நின்றுவிடுகிறது. தரைத்தளத்தில் இறங்கி, இரண்டாம் தளத்தில் கதவுகளைக் கடந்து, மூன்றாம் தளத்தில் ஷின்கான்சென் ஏற வேண்டும். மாறுவதற்கு வைத்திருக்கும் நேரம் 8 நிமிடம் அளவுதான். பெட்டி படுக்கையோடு எல்லோரும் ஒரே நேரத்தில் நகரும் படிக்கட்டை நோக்கி நடக்கிறார்கள். மொத்தப் பயணம் இருபது நிமிடம் போலக் குறைந்தது உண்மை. நடுவில் தூங்க முடியாமல் போனதும் உண்மை. ஷின்கான்சென்னுக்கு இணையாக இருந்த பழைய பாதையை உள்ளூர்க் கம்பெனிகளிடம் ஒப்படைத்துவிட்டார்கள், ஆகவே ஜே.ஆர். பாஸ் அங்கே பெரும்பாலும் செல்லாது.

வண்டியில் சாப்பாடு கிடைக்குமா? சைவம்?

பெரும்பாலான தொக்யூவில் இப்போது தள்ளுவண்டி விற்பனை கிடையாது. சிலவற்றில் குளிர்பான இயந்திரம்கூட இல்லை. ஏறும் நிலையத்தில் 'எகிபென்' என்கிற பொட்டலச் சாப்பாட்டை வாங்கிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு ஊருக்கும் ஒன்று: தொயாமாவில் மூங்கில் இலையில் அமுக்கிய மீன் சோறு, ஹொக்கைடோவின் மோரியில் கணவாய் மீனுக்குள் சோறு அடைத்த 'இகாமேஷி'.

சுத்த சைவக்காரர்களுக்குக் கஷ்டம்தான். காய்கறி மட்டும் தெரிகிற பொட்டலத்திலும் மீன்சாறு ஊறியிருக்கும். பொரித்த சோயாப் பையில் சோறு வைத்த இனாரியும் அப்படித்தான். கன்வீனியன்ஸ் ஸ்டோரில் கிடைக்கும் ஊறுகாய்ப் பிளம் வைத்த சோற்று உருண்டை ஓரளவு பாதுகாப்பு. அதிலும் உறையில் உள்ள எழுத்துகளைப் போன் கேமராவால் மொழிபெயர்த்துப் பார்த்துவிடுங்கள். சிற்றூர் நிலைய வாசலில் கடை இருக்கும் என்று நம்பிப் போகவே போகாதீர்கள்.

வண்டிப் பெயருக்குப் பின்னால் வரும் எண் என்ன?

ஒற்றைப்படை என்றால் பொதுவாகத் தோக்யோவை விட்டு விலகிப் போவது, இரட்டைப்படை என்றால் திரும்புவது. ஒகாயாமாவில் நின்றுகொண்டு யாகுமோ 4இல் இசுமோவுக்கு ஏறத் தேடினால் கிடைக்காது. பெயர்களில் அந்த வட்டாரம் இருக்கும். நன்பூ தென்றல் காற்று, உசுஷியோ நருதோ நீரிணையின் நீர்ச்சுழல், ஹகுதோ தொத்தோரிக் கடற்கரையின் புராண வெள்ளை முயல். தண்டர்பேர்டு கதை வேடிக்கை: அந்தப் பாதையின் பழைய வண்டி 'ரைச்சோ'. அது ஒரு மலைப்பறவையின் பெயர். எழுத்துக்கு எழுத்து பார்த்தால் 'இடிப்பறவை'. அதன் ஆங்கில வடிவமே புது வண்டியின் பெயராயிற்று.

வண்டி நடுவில் இரண்டாகப் பிரியும் என்பது உண்மையா?

உண்மை. ஷிகோகுவின் ஷியோகாசேயும் இஷிசுச்சியும் சேர்ந்து ஓடிப் பிரியும். பெட்டி எண்ணைப் பார்க்காமல் ஏறினால் மத்சுயாமாவிலிருந்து ஒகாயாமா போக நினைத்தவர் தகமாத்சுவில் இறங்குவார். மிகப் பெயர்பெற்றது சன்ரைஸ். தோக்யோவிலிருந்து இரவில் கிளம்பும் படுக்கை வண்டி. அதிகாலை ஒகாயாமாவில் பிரிந்து ஒரு பாதி தகமாத்சுவுக்கும் மறுபாதி இசுமோவுக்கும் போகும். காலை ஆறரை மணிக்குத் தூக்கக் கலக்கத்தோடு செருப்பு மாட்டிக்கொண்டு, இரண்டு பெட்டிகளுக்கும் நடுவே இடைவெளி விழுவதைப் பார்க்க ஒரு கூட்டமே நடைமேடையில் நிற்கும். பார்க்கப் போகிறவர்கள் தங்கள் பாதியில் திரும்ப ஏறவும் வேண்டும். நீங்கள் கீழே நிற்கையில் அது கிளம்பிவிடும், யாருக்காகவும் நிற்காது.

பெரிய சூட்கேஸ்?

தோக்யோ–ஒசாகா ஷின்கான்சென்னில் இருக்கிற பெரிய பெட்டிக்கான முன்பதிவு இங்கே பொதுவாகக் கிடையாது. பெட்டியின் ஓரத்தில் ஒரு சின்ன அலமாரி இருந்தால் அதிர்ஷ்டம். பெரியதைக் கூரியரில் அடுத்த ஓட்டலுக்கு அனுப்பிவிட்டு, இரண்டு நாள் துணியோடு ஏறுங்கள்.

தாமதமானால் பணம் திரும்பக் கிடைக்குமா?

இறங்கும் ஊருக்கு 2 மணி நேரமோ அதற்கு மேலோ தாமதமாகப் போய்ச் சேர்ந்தால் தொக்யூ கட்டணம் முழுதும் திரும்பக் கிடைக்கும். ஜோஷாகென் பணம் வராது. பாஸ்காரர்களுக்கு ஒன்றும் இல்லை.

தாமதத்துக்குக் காரணம் பெரும்பாலும் இயற்கைதான். ஹொக்கைடோவில் மான் குறுக்கே வந்துவிடும். பீவா ஏரியின் மேற்குக் கரையில் ஹிரா மலையிலிருந்து காற்று பலமாக இறங்கினால் கொசெய் பாதை நின்றுவிடும். அப்போது தண்டர்பேர்டு ஏரியின் மறுகரை வழியாக, மைபாராவைச் சுற்றிக்கொண்டு போகும். அப்படி ஒரு நாள் மாட்டினால் ஷின்கான்சென் இணைப்பைப் பற்றிக் கவலைப்படாமல் ஏரியைப் பாருங்கள். இறங்கியதும் கவுன்டரில் அடுத்த வண்டிக்கு மாற்றித் தருவார்கள்.

கடைசி வண்டியை விட்டுவிட்டால்?

சிற்றூர்களில் கடைசித் தொக்யூ நாம் நினைப்பதைவிட முன்னாலேயே போய்விடும். சப்போரோவிலிருந்து நாட்டின் வடகோடி நிலையமான வக்கனாய்க்கு நேராகப் போகும் 'சோயா' நாளுக்கு ஒன்றுதான். அதை விட்டால் அசாஹிகாவாவில் வண்டி மாற வேண்டும். அதையும் விட்டால் மறுநாள். நிலைய வாசலில் உள்ள டாக்ஸிக்காரரிடம் கேளுங்கள், அறை காலியாக இருக்கும் விடுதி எது என்று அவருக்குத் தெரிந்திருக்கும்.